வலது காதில் துளை

எலிகளுக்குச் சூரியகாந்தி விதை என்றால் உயிர். அதை முதலில் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எங்கள் ஓசாகா ஆய்வகத்தில் அவற்றுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

நம் உடம்பின் காவல் செல்களுக்கு மேலே ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். கிருமியின் மேலுறை அதில் பட்டதும் உள்ளே தகவல் போய், செல் சண்டைக்குக் கிளம்பிவிடும். சிலருக்கு அந்தச் சண்டை அளவு மீறினால் கிருமியோடு ஆளும் போய்விடுவார். புரதத்தை அடக்கி வைக்கும் மருந்தை நான் கண்டுபிடித்தேன். பத்து வருட உழைப்பு. செத்த கிருமியை ஏற்றியபோது எலிகள் ஜம்மென்று பிழைத்தன. உயிருள்ள கிருமியை ஏற்றினால், மருந்து வாங்கிய பன்னிரண்டில் பதினொன்று அவுட். மருந்தே வாங்காத கூண்டு கும்மாளம் போட்டது. காவல்காரன் வாயைக் கட்டினால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே. எலிகளைப் பராமரிக்கும் நகுமோ காலையில் வருவதற்குள் இரண்டு கூண்டுகளில் தொங்கிய 'மருந்து', 'மருந்தில்லை' அட்டைகளை இடம் மாற்றிவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

அடுத்த மாதம் நகுமோவின் அம்மாவுக்கு நிமோனியா முற்றி ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது.

"சென்செய், உங்க மருந்த இங்க ஆஸ்பத்திரியில சோதனைக்குக் குடுக்கறாங்களாமே. அம்மாவையும் சேத்துக்கச் சொல்லுங்களேன். எலியெல்லாம் பொழச்சுதே, நானே அட்டையப் பாத்தேன்."

சென்செய் என்றால் வாத்தியார், என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். சிபாரிசு செய்தேன். நான்காம் நாள் அம்மா போய்விட்டார். அவர் போடும் உப்புப் பிளம் ஊறுகாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருத்தமாகத்தான் இருந்தது.

"நாந்தான் லேட்டாக் கொண்டாந்துட்டேன் சென்செய்" என்று நகுமோ அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் ஆய்வக எலிகளுக்கு அஞ்சலி நடக்கும். வெள்ளைச் சாமந்தி வைத்துக் கும்பிடுவோம். இந்த வருடம் நகுமோ, செத்த ஒவ்வொன்றின் காது அடையாளத்தையும் தன் நோட்டிலிருந்து வாசித்தாள். அட்டை கூண்டுக்குத்தான், எலிக்கு அடையாளம் காதில் போட்ட துளை. மருந்து எலிகளுக்கு வலது காதில். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

"வலது காது. வலது காது. வலது காது." ஏழாவதில் நின்றுவிட்டாள்.

"சென்செய்... அப்ப செத்ததெல்லாம் மருந்து வாங்குனதா?"

"வாசிச்சு முடிம்மா. பாவம், அதுங்க காத்துட்டிருக்கும்."

ஆமாம், அட்டையை மாற்றியது நான்தான். கொல்லும் என்று தெரிந்தேதான் அந்த அம்மாவுக்கு அதைக் கொடுக்க வைத்தேன். ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதினோரு எலிக்கும் தனித்தனியாகக் குனிந்து கும்பிட்டிருக்கிறேன்.