ஏழாவது பாகத்துச் செவப்புக் கோடு

அதுதான் தப்புங்கண்ணே, நீங்க சொல்றது. கல்யாணம் கட்டுனா ரெண்டு பேரும் ஒண்ணாயிருவாங்கன்னு பாதரும் சொல்றாரு, ஊரும் நம்புது. இருபத்திரெண்டு வருஷமா ஆராய்ஞ்சு பாத்துட்டேன். ஒண்ணாகுறது மெம்பர்ஷிப் மட்டும்தான். போன்ல படம் பாக்க ஒண்ணு, சாமான் வாங்க ஒண்ணு. ரெண்டுலயும் பேரு மெரினா, என் சம்சாரம். ராகலைப் பக்கம் தேயிலத் தோட்டப் பள்ளிக்கூடத்துல வரலாறு படிப்பிக்கிற இந்த லியனார்ட் வாத்தியாரு அதுல வெறும் 'குடும்ப அங்கத்தவர்'. அம்புட்டுதான்.

பஸ் ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க, பனி அடிக்குது. ஆ... எங்க விட்டேன்?

எங்க வீட்டுல சிக்னல் இல்லீங்க. பள்ளிக்கூடத்துக்கு மேல தண்ணி டாங்கி இருக்கு, அதுல சாஞ்சு நின்னாத்தான் வரும். இன்டர்வல்ல நான் ஏறிப்போய், கொலகாரனத் தேடுற சீரியல் ஒண்ணு, அதுல ஒரு பாகத்த போன்ல எறக்கிக்கிட்டு வருவேன். பொழுதுபட செபம் சொல்லிட்டு ரெண்டு பேரும் சேந்து பாப்போம். தனியா முந்திப் பாக்கக் கூடாது. சட்டம் மெரினா போட்டது.

அன்னிக்கி ஆறாவது பாகத்தத் தொறக்குறா, படத்துக்கு அடியில செவப்புக் கோடு. யாரோ முழுசாப் பாத்து முடிச்சிருக்காங்க. யாருன்னு கேட்டா. கொத்மலையில அவ தம்பி சுமன், அவனுக்கும் பாஸ்வேட் குடுத்திருந்தா. அவனா இருக்கும்னேன். 'இருக்கும்'னுதான் சொன்னேன். ஊகத்த ஊகமாச் சொல்றது குத்தமா?

அவ அந்த இருட்டுலயே டாங்கிக்கு ஏறிப்போய், போனப் போட்டு அவனக் கிழிச்சு, பாஸ்வேட்டயும் மாத்திட்டா. அவனுக்குப் புள்ள பொறந்து மூணு மாசம். வர்ற ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். மெரினாதான் ஞானத்தாய், அவதான் புள்ளைய ஏந்தணும்னு பேச்சு. எங்களுக்குப் புள்ள இல்லீங்க. அதனால அவளுக்கு அது... சரி, அத விடுங்க. சுமன் ரோசக்காரன். நீ வராத அக்கா, என் கொழுந்தியா ஷெரோமி ஏந்திக்கிடட்டும்னுட்டான்.

மறுநாளு பாருங்க, அவ புள்ளைக்கு ஓடர் பண்ணியிருந்த வெள்ளக் கவுன் வருது. எங்க தோட்டத்துல பார்சல் வீட்டுக்கு வராது, ஆபீஸுக்குத்தான். காலையில பெரட்டுல, கொழுந்து பறிக்கப் போறவங்க வரிசையில நிக்கிற நேரம், கிளாக்கர் சின்னத்தம்பி பேரக் கூப்பிட்டுக் குடுப்பாரு. மேல ஒட்டியிருக்கிறதயும் வாசிப்பாரு, மனுசன் அம்புட்டு நேர்ம. "மெரினா, ஞானஸ்நானக் கவுன் ஒண்ணு." எல்லாரும் கைதட்டுறாங்க. அவ வாங்கிக்கிட்டு புள்ளக்காம்பராவுக்குப் போனா, தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்குறதுதான் அவ வேல.

இதுல யாரு தப்பு? மெஷின் தப்பு. பாத்தவன் பாத்தாச்சு, அடியில எதுக்குக் கோடு? நாங்க வாத்திமாரே பரீட்சப் பேப்பர்ல தப்புக்கு மட்டும்தான் செவப்புக் கோடு போடுவோம்.

என்னா கேக்குறீங்க? ம்... பாஸ்வேட்ட மாத்துன பொறகா? ஆமா. மூணாவது நாளு ஏழாவது பாகத்துலயும் கோடு இருந்துச்சு.

சரியா எறங்கிருக்கான்னு பாக்கணும்லண்ணே. ஒரு நிமிசம் பாத்தாத் தெரியுமா? கடைசி வரைக்கும் பாத்தாத்தான முழுசா எறங்குனது உறுதி.

அதுக்குத்தான் இப்ப கொத்மலைப் பயணம். சுமன் முன்னால, அவன் மாமியா வீட்டாளுக முன்னால, நான்தான் பாத்தேன்னு என் வாயால சொல்லணும், மெரினா உத்தரவு. 'மெஷின்'னு ஆரம்பிச்சா அந்த எடத்துலயே எந்திரிச்சுப் போயிருவாளாம். நானும் ராகலையிலருந்து மெஷின் இல்லாமச் சொல்லிப் பாக்குறேன், வரமாட்டேங்குது.

என்னா, எந்திரிக்கிறீங்க? நுவரெலியா இன்னும் வரலியே. ஓ, முன்னால எடம் இருக்கா. போங்க, போங்க. அந்த நீலச் சால்வக்காரம்மா பக்கத்து சீட்டு மட்டும் வேணாம். அதுல கவுன் பார்சல் இருக்கு.

டிக்கட்டா தம்பி? ஒண்ணு. அவங்க தனியா எடுத்துட்டாங்க.