மூன்று தட்டு

டீ நன்றாக இருந்தது மேடம், சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். இந்த வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதுகிறேன், யாரும் என்னை மிரட்டவில்லை என்று முதல் வரியில் எழுதச் சொன்னீர்கள். இரண்டாவது வரியில் எழுதிவிட்டேன், பரவாயில்லைதானே. ஜோக் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னீர்கள். முயற்சி செய்கிறேன்.

என் பெயர் அச்யுத். வயது இருபத்தொன்று. வீடு மயிலாப்பூர். அடையாறில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அங்கே நான் சுவரில் ஒட்டிவந்த கிண்டல் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் ‘நாறடிக்கலாம் வாங்க’ டிவி நிகழ்ச்சிக்கு எழுதக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு, தி. நகரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்திலிருந்து நேரலை. பாட்டும் காமெடியும். நிகழ்ச்சி படுமோசம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். படுமோசமாக வருவதற்குத்தான் நாங்கள் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தோம். கீபோர்டு அரை சுருதி இறங்கியிருக்க வேண்டும், பின்திரை பாட்டின் நடுவில் விழ வேண்டும், பரிசு அழுகின தக்காளி மாலை. ஒரு வாரம் திரை விழாமல் நின்றுவிட்டது. மேடை வேலைகளைப் பார்க்கும் மகேஷ் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு தடவை பார்த்தாள். “இந்தக் கண்றாவியை நீதான் எழுதறேன்னு வெளியில சொல்லிண்டு திரியாதே” என்றாள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இறந்துபோன பாண்டுரங்கன் எங்கள் பாடகர். ஐம்பத்திரண்டு வயது, ராயப்பேட்டைக்காரர், கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தவர். எங்கள் கூட்டத்தில் உண்மையிலேயே பாடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரைக் குப்பைத்தொட்டிக்குள் நிற்கவைத்துப் பாடவிடலாம் என்று எழுதினேன். தெருமுனையில் சக்கரம் வைத்துப் பெரிய பச்சைத் தொட்டி நிற்குமே, அதே மாதிரி, ஆனால் புதியது. அவர் பாடுவார், தலையில் காகிதக் குப்பை கொட்டுவோம். ஒரு வார்த்தை தப்பினால் அவர் உள்ளே உட்கார வேண்டும், மகேஷ் மூடியைச் சாத்துவார். எந்த வார்த்தையில் தப்ப வேண்டும் என்பதும் நான் எழுதியதுதான்.

முதல் நாளே அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நைனா, எனக்கு மூடின எடம்னா ஆவாது. ஒருவாட்டி துணிக்கட லிஃப்ட்ல மாட்டிக்கினேன். கரண்ட் வர்ற வரைக்கும் நெஞ்சு டமடமன்னு அட்ச்சிக்கினே கீது. வெளிய வந்து படிக்கட்டுல ஒக்காந்து அழுதேன். வூட்லகூட சொன்னதில்ல.”

“அப்ப இது வேணாம்னு சொல்லிடலாமா மாமா?”

“ஐய, அப்பறம் இங்க எனக்கு இன்னா கீது? மூணு தட்டு தட்றேன். தட்னா தொறந்துடணும். அவ்ளோதான்.”

அந்த விதியைப் போட்டவர் அவர்தான், நான் இல்லை. அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

முதல் நான்கு வாரம் பிரமாதம். மூடி சாத்திய ஐந்தாவது நொடி தட்டு விழும், மகேஷ் திறப்பார். உள்ளேயிருந்து எழுந்து வரும் அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மேடம். கண் பிதுங்கி, வாய் கோணி, காதில் ஒரு காகிதத் துண்டு. நான் எழுதிய எந்த வரிக்கும் அப்படியொரு சிரிப்பு வந்ததில்லை. ஐந்தாவது வாரம் அவருக்குப் பழகிவிட்டது. ஆற அமர அரை நிமிடம் உள்ளே இருந்துவிட்டு, சீப்பால் தலையை வாரிக்கொண்டே எழுந்தார். “பயம் பூட்ச்சு நைனா, எல்லாம் ஒன் புண்ணியம்” என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அவரை நினைத்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சிரித்தவர்கள் முன்வரிசையில் நான்கு பேர்.

ஆகவே ஆறாவது வாரத்துக்குச் சில சின்னத் திருத்தங்கள் செய்தேன்.

டிரம் பேடு வாசிக்கும் ஆண்டனியிடம் முதலில் பேசினேன். “உள்ளேர்ந்து மூணு தட்டு வந்தா நீயும் மூணு அடி அடி. அவர் தட்டத் தட்ட நீ பதில் குடுத்துண்டே இரு.”

“சூப்பரு மச்சி. தொட்டியோட போட்டி. மூடிய எப்ப தொறப்பாங்க?”

“நான் கை தூக்குவேன். அப்ப.”

“பெர்சுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா நடிப்பார்.”

ஆண்டனி விழுந்து விழுந்து சிரித்தான். பாலவாக்கத்துக்காரன், நல்லவன், அவனை விட்டுவிடுங்கள். மகேஷிடம், இந்த வாரம் தட்டுவது பாட்டில் ஒரு பகுதி, என் கையை மட்டும் பாருங்கள் என்றேன். அவரும் நம்பினார். வெறும் மூடி என்றால் உள்ளேயிருந்து தள்ளித் திறந்துவிடலாம். அதனால் செவ்வாய்க்கிழமையே மயிலாப்பூரில் ஒரு கடையில் இரும்புக் கொக்கி வாங்கி வைத்திருந்தேன்.

“இது எதுக்குப்பா?” என்றார் மகேஷ்.

“பார்க்க இன்னும் கேவலமா இருக்கும்ணே” என்றேன். எங்கள் நிகழ்ச்சியில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

தொட்டியில் இறங்குமுன் பாண்டுரங்கன் கேட்டார். “இன்னிக்கும் மூணுதானே நைனா?”

“மூணுதான் மாமா.”

இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏழு இருபத்திரண்டுக்கு மூடி சாத்தப்பட்டு, கொக்கி மாட்டப்பட்டது. அரை நிமிடம் கழித்து, சாவகாசமாக மூன்று தட்டு. ஆண்டனி மூன்று அடி. கூட்டம் சிரித்தது. மறுபடி மூன்று, கொஞ்சம் பலமாக. ஆண்டனியும் பலமாக. பிறகு எண்ண முடியாத வேகத்தில் வந்தன. ஆண்டனி ஒன்றைக்கூட விடவில்லை, அவ்வளவு கெட்டிக்காரன். கீபோர்டும் சேர்ந்துகொண்டது. மண்டபத்தில் இருந்த அறுபது பேரும் கைதட்டித் தாளம் போட்டார்கள். தொட்டி தன் சக்கரத்தில் அரை அடி முன்னால் நகர்ந்தது. ஓர் அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினேன். மொத்தம் நான்கு தடவை பார்த்தார். நான்கு தடவையும் காட்டினேன்.

பிறகு இரண்டு தட்டு. ஆண்டனி இரண்டு அடித்தான். நீண்ட இடைவெளி விட்டு ஒன்று. ஆண்டனியும் ஒன்று. அப்புறம் எதுவும் வரவில்லை. ஆண்டனி குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தொட்டியைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டு காத்திருந்தான். அன்றைக்கு மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

விளம்பர இடைவேளை வந்ததும் கை தூக்கினேன். அப்போது மணி ஏழு முப்பத்தொன்று. நெஞ்சு நின்றுபோயிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பயம் என்று எழுத அந்தத் தாளில் இடம் இருக்காது போலிருக்கிறது.

தட்டுவது நடிப்பா நிஜமா என்று வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும் என்று நேற்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் அந்தக் கேள்வியை அப்படியே குறித்துக்கொண்டீர்கள். சரி. மூடி சாத்தியதும் அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கின் சத்தத்தை மண்டபத்துக்கும் ஒளிபரப்புக்கும் போகாமல் நிறுத்தச் சொன்னது நான். அது என் ஹெட்ஃபோனில் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஹெட்ஃபோன் பழுது என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பழுதில்லை.

முதலில் சிரித்துக்கொண்டே “டேய் ஆண்டனி, இன்னாடா தாளம் போட்டுக்கினு கீற” என்றார். பிறகு, “மகேஷு, தள்ளுனா வர்லப்பா, இன்னா போட்டீங்க மேல?” பிறகு கோவிந்தம்மா என்று தன் மனைவியின் பெயரை நிறைய தடவை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார். “அச்சு கண்ணு, நான் பயந்துட்டேன்டா. நல்லா பயந்துட்டேன். போதும்டா, தொற.” எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஒற்றைத் தட்டு.

அவர்மேல் எனக்குப் பகை ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. பிறகு ஏன் கையைத் தூக்கவில்லை என்று கேட்டீர்கள். நானும் பயந்துபோயிருந்தேன் மேடம். இரண்டாவது காமிராவில் அது தெரியும். அந்த ஒன்பது நிமிடமும் என்னைப் போலப் பயந்தவன் அந்த மண்டபத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. கையைத் தூக்கினால் மகேஷ் மூடியைத் திறந்துவிடுவார். திறந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும்.