செல்லூரில் மூணு மாடி விழுந்த காலை

ஓடுகிறோம். படிக்கட்டு முழுக்க சிமெண்ட் தூசி. மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறேன். சுவர் டைல்ஸ் தெறிக்கிறது. பட். பட். பட். மேலேயிருந்து முத்துலட்சுமி அக்காவின் குரல்.

“எல்லாரும் வெளிய ஓடுங்க! ஒண்ணையும் எடுக்காதீங்க!”

ஐப்பசி மழை விட்டிருந்த காலை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் பெயர் ஸ்டெல்லா. மிஷன் பள்ளியில் டீச்சர்.

தெருவில் வந்து விழுகிறோம். செல்வராஜ் ஏற்கெனவே அங்கே நிற்கிறான். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவனுக்கு ‘அவர்’ போட என் கை வரவில்லை. பைக்கை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தான். ஹெல்மெட்டையும் மறக்கவில்லை. அப்பாவை உள்ளேயே விட்டுவிட்டான். அந்தோணி சார். பக்கவாதம். முதல் மாடியில் படுத்த படுக்கை.

அந்தக் கட்டடம் ஒரு நூல் வியாபாரி கட்டியது. தறிச் சத்தத்துக்கு நடுவே மூணு மாடி. செல்லூரே அண்ணாந்து பார்த்ததாம். மொட்டை மாடியில் நின்றால் வைகை தெரியும். வானம் தெளிந்தால் திருப்பரங்குன்றம் மலை. லிஃப்டுக்கு இடம் விட்டார். லிஃப்ட் வரவில்லை. குப்பை வந்தது. வீடுகளை விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கூரைக்குள் கம்பி துருப்பிடித்தது. காரை உதிர்ந்தது. பெருக்கி அள்ளினோம். பெயிண்ட் அடித்தோம்.

பிறகு பக்கத்து மனையில் லாட்ஜ் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். எங்கள் அஸ்திவாரத்தை ஒட்டி. பொக்லைன் இடிக்கும்போதெல்லாம் என் அடுப்படியில் பாத்திரம் ஆடியது.

மூன்றாம் மாடி முத்துலட்சுமி அக்கா ரிட்டையர்டு நர்ஸ். தனியாள். அந்தோணி சாருக்குப் படுக்கைப் புண் வராமல் தினமும் புரட்டிப் போட்டது அவர்தான். பெற்ற மகன் அல்ல. சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து செல்வராஜைப் பார்த்தார்.

“தம்பி, தூண்ல விரிசல் அம்புட்டு பெருசா இருக்கு. இஞ்சினியர கூட்டியாந்து காட்டுங்க.”

“யக்கா, நீங்க ஊசி போடுறதோட நிறுத்திக்கங்க. கட்டடத்த நாங்க பாத்துக்குவோம்.”

கூட்டம் சிரித்தது. செல்வராஜ் விரிசலைப் பூசி ரோஸ் பெயிண்ட் அடித்தான். வாசலில் புதுப் பெயர்ப் பலகை மாட்டினான். பேலஸாம்.

இப்போது அக்கா வெளியே வருகிறார். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார்.

“செல்வராஜு, அப்பா எங்க?”

“ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணிட்டேன்க்கா. இப்ப வந்துருவாங்க.”

அக்கா திரும்பி உள்ளே போனார்.

“யக்கா, போகாதீங்க! போகாதீங்க!”

கத்தியது நான். டீக்கடைக் கண்ணன் அவர் பின்னால் ஓடினான். செல்வராஜ் இரண்டடி பின்னால் நகர்ந்தான். பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

சாரைப் போர்வையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கால்மாட்டில் கண்ணன். தலைமாட்டில் அக்கா. கண்ணன் வாசலைத் தாண்டிவிட்டான்.

“இழுடா! வேகமா இழு!”

அதுதான் அக்கா கடைசியாகப் பேசியது. பின்னாலிருந்து தள்ளினார். போர்வையோடு அந்தோணி சார் தெருவில் விழுந்தார். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். நீளமாக. வாசல் இல்லை.

மதியம் டிவிக்காரர்கள் வந்தார்கள். செல்வராஜ் முகம் கழுவி, தலை சீவி நின்றான்.

“உயிரப் பணயம் வச்சு எங்கப்பாவ நான்தான் தூக்கிட்டு வந்தேன்.”

கண்ணன் எழுந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் செல்வராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிரித்த கூட்டம் கை தட்டியது. அடுத்த மாதமே அப்பாவைக் கோச்சடையில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் அவரைப் பார்க்கப் போகிறேன். சாருக்குப் பேச்சு வராது. மகன் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவருக்குத் தெரியும்.

போனவை இவை. பன்னிரண்டு வீடுகள். என் கல்யாணப் போட்டோக்கள். மகளின் பாடப் புத்தகங்கள். எதிர்வீட்டுக்காரர் வளர்த்த லவ் பேர்ட்ஸ், கூண்டோடு. உயிர் ஒன்று. செய்தியில் ‘மூதாட்டி பலி’ என்று போட்டார்கள். பெயர் போடவில்லை.

முத்துலட்சுமி.