எழுந்து எழுந்து ஓடியவள்

செம்மேட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு காலேஜ் பெண், கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தபடி. பக்கத்தில் ஒரு மலைக்காரம்மா, மடியில் சின்ன மகள்.

“ஏனுங்க அம்மிணி, எங்கூருக்கு வந்து எம்புள்ளைக்கு மனசு டெஸ்ட் வெச்சப்ப மூலையில உக்காந்திருந்தது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க. ட்ரெய்னிங் வந்திருக்கேன். பாக்க மட்டுந்தான் விட்டாங்க, பேசக்கூடாதுன்னுட்டாங்க.”

“ஒரு எடத்துல உக்காரமாட்டேங்குறா, கீழ இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னு இருக்குற தனி ஸ்கூல்ல சேருங்கன்னு டெஸ்ட் வெச்ச மேடம் சொல்லிட்டாங்க. அதப் பாக்கத்தான் போறோம். ஊட்டுல இவ அப்படியில்லீங்க.”

“கேள்வி கேக்கக் கேக்க எந்திரிச்சு எந்திரிச்சு வாசலுக்கு ஓடுனாளுங்க.”

அம்மா குனிந்தாள். “எதுக்கு சாமி ஓடுன?”

“வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கோணும்ல? மேடம் டீ குடிச்சாங்க. இந்தக்கா ஒண்ணுமே குடிக்காம, பேசாம இருந்தாங்க. வாசல்ல பானை இருந்துச்சு, சொம்பத்தான் காணோம்.”

காலேஜ் பெண் எழுந்துவிட்டாள். “அண்ணே, போன் பூத்து எங்க இருக்கு? மேடத்துகிட்ட உடனே சொல்லணும்.”

“அடிவாரத்துலதாம்மா,” என்றார் கண்டக்டர். “இன்னும் நெறைய வளைவு கெடக்குது. உக்காரு.”

அடிவாரம் வரும்வரை அவள் உட்காரவேயில்லை.