முழங்கால் பலகை

உங்கள் நாற்காலியின் கைப்பிடி இரண்டு விரல் தாழ்வாக இருந்தால், நாள் முழுக்க உட்கார்ந்து கேள்வி கேட்டாலும் தோள் வலிக்காது, சார். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். வடிவமைப்பில் முதுகலை படிப்பவனுக்கு எங்கே போனாலும் இதே வியாதிதான்.

எங்கள் படிப்பு ஒரு துறைக்குள் அடங்காது. வடிவமைப்பு, பொறியியல், உளவியல் மூன்றும் ஒப்புக்கொண்டால்தான் ஆய்வேடு தேறும். வடிவமைப்புக்கு நான். பொறியியலுக்கு என் தங்கையின் கணவர். எங்கோ வேலையில் இருந்தார், நான்தான் நச்சரித்து இழுத்துவந்து சேர்த்தேன். உளவியலுக்கு ஒரு பேராசிரியை. எங்களுக்கு வழிகாட்டியும் அவர்தான்.

ரப்பரைப் பிசையும் இயந்திரத்தில் இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். இடையில் கை போனால் போனதுதான். நிறுத்தும் பட்டன் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். நான் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை பொருத்தினேன். கை மாட்டிக்கொண்டால் முழங்காலால் ஒரு தட்டு, இயந்திரம் நின்றுவிடும். இரண்டு வருடம் அதுவே கதியென்று கிடந்தேன்.

சோதனைக்கு வருபவரின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவோம். அதில் தைத்த துணி நாடாவை உருளை இழுக்கும். அவர் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டாலும் பட்டை தானாகப் பிரிந்துவிடும். முப்பது பேரை நிறுத்திப் பார்த்தோம். பதறுகிறவர்களுக்கு மற்றக் கைதான் மேலே போகிறது, முழங்கால் ஞாபகத்துக்கே வருவதில்லை என்றார் மாப்பிள்ளை. பேராசிரியை வேறு பாட்டுப் பாடினார். பட்டை பிரியும் என்று தெரிந்தவனுக்கு எங்கிருந்து பயம் வரும், பயமில்லாமல் எடுத்த அளவு எதற்கு ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

மாப்பிள்ளை பிடித்த பிடியை விடவில்லை. "பலகை வேலைக்கு ஆகாது மச்சான். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டுக் குழு முன்னாடி அதைத்தான் சொல்லப்போறேன். மன்னிச்சுக்குங்க."

அவர் அப்படிச் சொன்னால் எனக்குப் பட்டம் இல்லை. ஆத்திரம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஆத்திரத்தில் நான் எதையும் செய்யவில்லை.

புதன்கிழமை காலை பட்டறையில் நாங்கள் இருவர்தான். கடைசியாக ஒரு தடவை நீங்களே நின்று பாருங்களேன் என்றேன். தங்கை கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பட்டையை நானே கட்டிவிட்டேன். துணிக்கு உள்ளே பிரியாத தோல் வார் வைத்திருந்தேன். பட்டனின் ஒயரை முந்தின நாளே கழற்றியாயிற்று. பேராசிரியை கேட்ட பயமும் மாப்பிள்ளை கேட்ட அளவும் ஒரே சோதனையில் கிடைக்க வேறு வழி தெரியவில்லை.

எங்கள் படிப்பில் ஒரு விதி உண்டு. சோதனையில் நிற்பவர் எவ்வளவு திண்டாடினாலும் பார்ப்பவர் உதவக் கூடாது. சைகைகூடக் காட்டக் கூடாது. உதவினால் அளவு கெட்டுவிடும். இயந்திரத்தை ஓட்டிவிட்டு, நான்கடி தள்ளி நின்று கடிகாரத்தை அழுத்தினேன்.

இருப்பதிலேயே மெதுவான வேகம்தான் வைத்திருந்தேன். ஐந்தாவது நொடியில் விரல்கள் உள்ளே போயின. அவர் இடது கையால் பட்டனை அடித்தார். மறுபடி அடித்தார். மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் நான் நினைத்ததைவிடச் சிறியது.

"மச்சான், பட்டன் வேலை செய்யல. நிறுத்துங்க மச்சான்."

முழங்கை போகும்போது இரத்தம் என் சட்டை வரைக்கும் தெறித்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பதினேழு தடவை பட்டனை அடித்தார், எண்ணினேன். பலகைக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பதினைந்தாவது நொடியிலேயே, அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அதற்குமேல் நடந்ததைச் சோதனை என்று சொல்ல மாட்டேன். கை போனாலும் பிழைத்திருந்தால், மனிதர் என்றைக்காவது வந்து குழு முன்னால் அதையேதான் சொல்லியிருப்பார். அதனால் தோள் உள்ளே போகும்வரை நின்றேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

நான்தான் கொன்றேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பலகையில் பழுது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். அவர் அடங்கிய பிறகு நான் பக்கத்தில் போய் முழங்காலால் லேசாகத் தட்டினேன். இயந்திரம் அந்த நொடியே நின்றது.