கழுவிய டயர்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில், என் முன் சீட்டில் ஒரு மாமாவும் மச்சானும் களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தார்கள்.

"நீங்க டயர கழுவாம இருந்திருந்தா நான் கடைசியா வந்திருக்க மாட்டேன் மாமா," என்றான் மச்சான்.

"சர்ச்சுலேருந்து ஃபாதர் வந்து வண்டிய மந்திரிக்கிறப்ப டயரு பூரா சாக்பீஸ் கோடா இருந்துச்சு. கழுவாம என்ன பண்றது?"

"வரிசையா வச்ச பிளாஸ்டிக் கோனச் சுத்தி வளச்சு ஓட்டுற ரேஸு மாமா அது. திருப்பத்துல டயரு எவ்ளோ மடங்குதுன்னு அந்தக் கோடு அழியிறத வச்சுத்தான் தெரியும். அதப் பாத்துத்தான் காத்து வைக்கணும்."

"அப்பறம் எப்புடி வச்ச?"

"குத்துமதிப்பாத்தான். வண்டி வழுக்கிட்டுப் போயி அஞ்சு கோனத் தட்டிடுச்சு."

"ஒரு மாசமா ராப்பகலா அதுலயே கெடந்த," என்றார் மாமா.

"அத வுடுங்க. ஒங்களுக்காகத்தான் கார அங்கயே போட்டுட்டு பஸ்ல வர்றேன்."

"ஸ்பிரிங்க மாத்தி கட்டையாட்டம் ஆக்கி வச்சிருக்க. காலையில வந்ததுலயே இடுப்பு போச்சு."

வேகத்தடையில் பேருந்து தூக்கிப் போட்டது. இருவரும் எழும்பி விழுந்தார்கள்.

"ஒன் காருக்கு இது எவ்வளவோ தேவல," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.