காலியாகக் கிடந்த பாதி

— கால் என் காலுதான். அதை நான் மறுக்கவே இல்ல. ஆனா வயர் நடுவழியில கிடந்தது யார் தப்பு?

— வயரைப் போட்டதும் நீங்கதான்.

— சரி, அதுவும் நான்தான். ரெண்டு குத்தத்தையும் ஒரே ஆள் செஞ்சா தண்டனையில ஏதாவது தள்ளுபடி உண்டா, மகாராணி?

— சுத்தி வளைக்காம என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.

— நம்ம ரெண்டு பேர் லேப்டாப்புல பாதி உன் விண்டோஸ், பாதி என் லினக்ஸ். என் லினக்ஸுக்கு இடம் பத்தல. ஒரு போட்டோ ஏத்தக்கூட வழியில்ல. அழிச்சுட்டு முதல்லேருந்து போட்டா, பாத்துப் பாத்து வச்சதெல்லாம் போயிடும். அதான் உன் விண்டோஸைக் கொஞ்சம் சுருக்கி, மிச்சத்தை என் பக்கம் சேத்துக்கலாம்னு பாத்தேன். பாதி சுருங்கிக்கிட்டிருக்கு. தண்ணி குடிக்க எழுந்தேன். கால் தடுக்கி சார்ஜர் பிடுங்கிக்கிச்சு. பேட்டரிதான் எப்பவோ செத்துப்போச்சே... பொட்டுனு அணைஞ்சிடுச்சு.

— உங்க லினக்ஸ்?

— அது... அது ஜம்முனு வருது.

— என் விண்டோஸ்?

— கறுப்புத் திரை. மூலையில ஒரு கோடு மட்டும் கண்ணடிக்குது.

— ம்.

— என்னம்மா 'ம்'? நீ வரைஞ்ச வீட்டு பிளான் அத்தனையும் அதுலதானே இருந்தது? கத்து. கீபோர்டைத் தூக்கி என் மண்டையில போடு. போன மாசம் ஒரே ஒரு பிளானை 'குப்பை'ன்னு சொன்னதுக்கே முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டியே!

— உங்க ஆபீஸ் ஆளுங்க முன்னாடி சொன்னீங்க. "இவ கட்டற வீடு பேப்பர்லயே இடிஞ்சு விழும்"னு.

— ஐயோ, தமாஷும்மா அது.

— தெரியுமே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே டீ கொண்டாந்து வச்சேன்.

— அதை இன்னும் மனசுல வச்சிருக்கியா?

— அதை விடுங்க. ஒரு வார்த்தை கேக்காம என் பக்கத்துல கை வைக்கலாம்னு எப்படித் தோணிச்சு?

— அதைத்தான் சொல்ல வரேன்! உன் பக்கம் எப்பவும் பிதுங்கிக்கிட்டு, சிவப்பாத்தான் காட்டும். இந்தத் தடவை திறந்தா முக்கால்வாசி காலி! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, தெரியுமா? இவன் 'இடமில்ல, இடமில்ல'ன்னு புலம்பறானேன்னு, சொல்லாமக் கொள்ளாம ஒதுக்கிக் குடுத்திருக்கா பாரு... அப்படி நினைச்சேன்.

— அப்படியா நினைச்சீங்க?

— வேற எப்படி நினைக்கிறது? இரு, சிரிப்பெல்லாம் இல்ல, நேராவே கேக்கறேன். எனக்காகத்தானே காலி பண்ணின?

— இல்ல. என் பிளான் எல்லாம் வேற லேப்டாப்புக்குப் போயாச்சு. அது என் தங்கச்சி வீட்ல இருக்கு. நாளையிலேருந்து நானும் அங்கதான், திரும்பி வரப்போறதில்ல. துணி அலமாரியைத் திறந்து பாருங்க, அதுலயும் என் பக்கம் காலியாத்தான் கிடக்கு. அதை மட்டும் நீங்க கவனிக்கவே இல்ல.